சூரியக் குடும்பத்தில் பெயர் வைத்தது யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் தொலைநோக்கி வழியே வானம் காட்டும்போது தூரம், எடை பற்றிய கேள்விகளைவிடப் பெயர் பற்றிய கேள்விகள்தான் அதிகம் வருகின்றன. "டைட்டன்னு யார் சார் பேர் வெச்சது?" என்று ஒரு பிள்ளை கேட்டால் பின்னால் நிற்கும் பெரியவர்களும் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

நிலாவுக்கும் கோளுக்கும் பெயர் வைக்கிற அதிகாரம் யார்கிட்ட இருக்கு?

1919-இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு வானியல் ஒன்றியத்திடம். உலகெங்கும் உள்ள வானியலாளர்கள் அதில் உறுப்பினர்கள். அது வருவதற்கு முன் யார் வேண்டுமானாலும் பெயர் வைத்தார்கள். நிலவின் ஒரே பள்ளத்துக்கு மூன்று வரைபடங்களில் மூன்று பெயர் இருந்தது. ஒரே பெயர் இரண்டு பள்ளங்களுக்கும் இருந்தது. மேரி பிளாக் என்ற ஆங்கிலேயப் பெண்மணி இந்தக் குழப்பத்தைப் பொறுமையாக உட்கார்ந்து பிரித்தெடுத்தார். அவரும் கார்ல் முல்லரும் சேர்ந்து தயாரித்த நிலவுப் பெயர்ப் பட்டியலை ஒன்றியம் 1935-இல் வெளியிட்டது. இன்று நாம் சொல்லும் நிலவுப் பெயர்களுக்கு அடித்தளம் அதுதான். பிளாக்கின் பெயர் இன்னும் நிறையப் பேருக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம். நிலவில் ஒரு சின்னப் பள்ளம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

விண்கலங்கள் படம் அனுப்பத் தொடங்கியதும் வேலை பெருகியது. அதனால் கோள்களின் பெயர்களைக் கவனிக்க 1973-இல் ஒரு தனிக் குழு அமைந்தது. ஏற்கப்பட்ட பெயர்கள் எல்லாம் ஒரு பொதுப் பட்டியலில் இருக்கின்றன. அதை அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் பராமரிக்கிறது. யாரும் இலவசமாகப் பார்க்கலாம். வாட்ஸ்ஆப்பில் "நாசா இந்தப் பெயர் வைத்துவிட்டது" என்று செய்தி வந்தால், அந்தப் பட்டியலில் தேடுங்கள். இல்லை என்றால் அது அதிகாரபூர்வப் பெயர் இல்லை.

மற்ற கோளோட நிலாவுக்கெல்லாம் பெயர் இருக்கு, நம்ம நிலாவுக்கு ஏன் இல்ல?

இருக்கிறது. நிலா என்பதுதான் பெயர். 1610 வரை மனிதருக்குத் தெரிந்த நிலா அது ஒன்றுதான்; வேறொன்றிலிருந்து பிரித்துக் காட்டத் தேவை வரவில்லை. மற்றக் கோள்களைச் சுற்றுபவையும் இருப்பது தெரிந்த பிறகுதான் அந்தச் சொல் பொதுச்சொல்லாகவும் ஆனது. துணைக்கோள் என்று எழுதினால் குழப்பம் வராது.

வியாழனோட நாலு நிலவையும் கலிலியோ கண்டுபிடிச்சார். பெயரும் அவர் வெச்சதுதானா?

இல்லை. அவர் வைத்த பெயர் நிலைக்கவில்லை. 1610 ஜனவரியில் அவர் அந்த நான்கு புள்ளிகளைப் பார்த்தார். டஸ்கனி நாட்டை ஆண்ட கோசிமோ தெ மெடிசிக்கு உடன்பிறந்த தம்பிகள் மூவர். ஆக நால்வர், நிலவும் நான்கு. "மெடிசி நட்சத்திரங்கள்" என்று பெயரிட்டு அந்தக் குடும்பத்துக்கே காணிக்கையாக்கினார். அரசவை வேலையும் கிடைத்தது.

அயோ, யூரோப்பா, கானிமீட், கலிஸ்டோ என்ற பெயர்களை 1614-இல் அச்சில் கொண்டுவந்தவர் ஜெர்மானியரான சைமன் மாரியஸ். தானும் அதே காலத்தில் அந்த நிலவுகளைப் பார்த்ததாக அவர் சொன்னார். கலிலியோ கொதித்துப்போய் அவரைத் திருடன் என்று எழுதினார். இந்தப் பெயர்களின் யோசனையைத் தனக்குக் கொடுத்தவர் கெப்ளர் என்று மாரியஸே குறிப்பிட்டிருக்கிறார். நால்வரும் கிரேக்கக் கதைகளில் சூஸ் தெய்வத்தின் ஆசைக்கு உள்ளானவர்கள். சூஸ்தான் ரோமானியரின் ஜூப்பிட்டர், அதாவது வியாழன்.

இந்தப் பெயர்கள் உடனே பரவிவிடவில்லை. ஏறக்குறைய 300 ஆண்டுகள் வானியலாளர்கள் வியாழன் 1, வியாழன் 2 என்று எண்ணால்தான் குறித்தார்கள். 1892-இல் எட்வர்ட் பர்னார்ட் ஐந்தாவது நிலவைக் கண்டபோதும் அது வியாழன் 5 என்றுதான் பதிவானது. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலவுகள் கூடிக்கொண்டே போனதும் மாரியஸின் பெயர்களைத் தூசு தட்டி எடுத்தார்கள். பட்டம் கலிலியோவுக்குப் போனது, அவற்றை இன்றும் கலிலிய நிலவுகள் என்கிறோம். பெயர் மாரியஸ் கொடுத்தது. எனக்கு இது நியாயமான பங்கீடாகவே படுகிறது.

சனியோட நிலவுகளுக்கு டைட்டன், ரியா, மீமாஸ்னு பெயர் எப்படி வந்தது?

ஒரே ஆள் ஒரே நேரத்தில் வைத்த பெயர்கள் இவை. 1655-இல் ஹைகன்ஸ் டைட்டனைக் கண்டார். பிறகு காசினி நான்கு நிலவுகளைக் கண்டு, அவற்றைப் பிரான்ஸ் மன்னர் 14-ஆம் லூயிக்குச் சமர்ப்பித்து "லூயியின் நட்சத்திரங்கள்" என்றார். (கலிலியோவின் வழிதான்.) 1789-இல் வில்லியம் ஹெர்ஷல் மேலும் இரண்டைக் கண்டார். கோளிலிருந்து உள்ள வரிசைப்படி எண் கொடுத்ததால், புதிதாக ஒன்று கிடைக்கும்போதெல்லாம் பழைய நிலவுகளின் எண் மாறியது. பழைய கட்டுரையில் வரும் நான்காம் நிலவு எது என்பதே சந்தேகமாகிவிட்டது.

வில்லியமின் மகன் ஜான் ஹெர்ஷல் 1847-இல் இதற்கு முடிவு கட்டினார். ரோமானியரின் சாட்டர்ன் கிரேக்கரின் குரோனஸ். அவருடைய உடன்பிறப்புகள் டைட்டன்கள். அவர்களையும் அவர்களோடு சேர்ந்த அரக்கர்களையும் எடுத்து டைட்டன், ஐயபெடஸ், ரியா, டெத்திஸ், டையோனி, என்செலாடஸ், மீமாஸ் என்று ஏழுக்கும் பெயர் கொடுத்தார். அடுத்த ஆண்டே எட்டாவது நிலவு கிடைத்தது. அதே முறையில் ஹைப்பீரியன் என்று பெயர் வைத்தார்கள். கோளுக்கு ஒரு கதைக்குடும்பம், நிலவுகள் அந்தக் குடும்பத்து ஆட்கள் என்ற வழக்கம் இங்கேதான் உறுதிப்பட்டது.

அப்போ யுரேனஸுக்கு மட்டும் ஏன் நாடகப் பாத்திரங்கள்?

இதையும் ஜான் ஹெர்ஷல்தான் செய்தார். 1781-இல் அவருடைய தந்தை அந்தக் கோளைக் கண்டு, இங்கிலாந்து மன்னர் பெயரில் "ஜார்ஜின் நட்சத்திரம்" என்றார். மற்ற நாட்டவர் இதை ஏற்பார்களா? பெர்லினில் இருந்த வானியலாளர் போடே, வியாழனின் தந்தை சனி, சனியின் தந்தை யுரேனஸ் என்ற வரிசையைக் காட்டி யுரேனஸ் என்று முன்மொழிந்தார். அது பரவியது. ஆனாலும் பிரிட்டனின் அதிகாரபூர்வ வானியல் பஞ்சாங்கம் 1850 வரை பழைய பெயரை விடவில்லை.

1852-இல் நான்கு நிலவுகளுக்குப் பெயர் தேவைப்பட்டது. வான தெய்வமான யுரேனஸுக்குத் துணையாகக் காற்றில் திரியும் தேவதைகளையும் ஆவிகளையும் ஜான் தேர்ந்தெடுத்தார். ஷேக்ஸ்பியரின் நாடகங்களிலிருந்து டைட்டானியா, ஓபரான். அலெக்சாண்டர் போப்பின் கவிதையிலிருந்து அம்ப்ரியல். ஏரியல் என்ற பெயர் இருவரிடமும் உண்டு. 1948-இல் கைப்பர் கண்ட ஐந்தாவது நிலவு மிராண்டா. அந்தப் பாத்திரம் தேவதை அல்ல, மனிதப் பெண். அங்கே "ஆவி" என்ற எண்ணம் நழுவி "ஷேக்ஸ்பியர்" என்ற எண்ணம் மட்டும் தங்கிவிட்டது. 1986-இல் வாயேஜர் 2 விண்கலம் கண்ட சிறு நிலவுகளுக்கு ஜூலியட், டெஸ்டிமோனா, ஒஃபீலியா என்று பெயர் வந்தது அதனால்தான்.

நெப்டியூன்?

கடல் தெய்வம், ஆகவே நிலவுகளும் கடலைச் சேர்ந்தவர்கள். கோளைக் கண்ட 17 நாளில், 1846 அக்டோபரில், லாசெல் டிரைட்டனைக் கண்டார். ஒரே நிலவு என்பதால் நெடுங்காலம் அதை "நெப்டியூனின் நிலவு" என்றே எழுதினார்கள். டிரைட்டன் என்ற பெயரை 1880-இல் பிரெஞ்சுக்காரரான ஃபிளாமரியோன் சொல்லியிருந்தாலும், 1949-இல் இரண்டாவது நிலவு கிடைத்த பிறகுதான் அது நடைமுறையில் உறுதியானது.

புளூட்டோவுக்கு ஒரு சின்னப் பொண்ணு பெயர் வெச்சதா சொல்றாங்களே, உண்மையா?

உண்மை. 1930-இல் ஆக்ஸ்ஃபோர்டில் காலைச் சிற்றுண்டி நேரம். தாத்தா செய்தித்தாளில் புதுக் கோள் பற்றிப் படித்துச் சொல்ல, 11 வயது வெனிஷியா பர்னி "புளூட்டோ என்று வைக்கலாமே" என்றாள். பாதாள உலகின் தலைவன், இருட்டில் இருப்பவன். தாத்தா ஃபால்கனர் மேடன் நூலகராக இருந்தவர். அவர் வானியல் பேராசிரியர் டர்னரிடம் சொல்ல, டர்னர் அமெரிக்காவின் லோவெல் ஆய்வகத்துக்குத் தந்தி அடித்தார். அந்தப் பெயரின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகள் ஆய்வகத்தை நிறுவிய பெர்சிவல் லோவெலின் முதலெழுத்துகளாகவும் அமைந்தது கூடுதல் வசதி.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. 1877-இல் ஆசஃப் ஹால் செவ்வாயின் இரு நிலவுகளைக் கண்டபோது ஃபோபோஸ், டெய்மோஸ் என்ற பெயர்களைச் சொன்னவர் ஈட்டன் பள்ளி ஆசிரியர் ஹென்றி மேடன். அவர் ஃபால்கனரின் சகோதரர், அதாவது வெனிஷியாவின் தாத்தா முறை. அச்சம், திகில் என்று பொருள்படும் அந்த இருவரும் போர்த் தெய்வத்தின் பிள்ளைகள். ஒரே குடும்பம் சூரியக் குடும்பத்தில் மூன்று பெயர் கொடுத்திருக்கிறது. அவர்களில் யாரும் வானியலாளர் இல்லை. புளூட்டோவில் இன்று பர்னி என்ற பெயரில் ஒரு பெரும்பள்ளம் இருக்கிறது.

கண்டுபிடிக்கிறவர் தன் மனைவி பெயரை வைக்க முடியுமா?

நேராக வைப்பது கடினம். சுற்றி வந்து வைத்தவர்கள் இருக்கிறார்கள். 1978-இல் புளூட்டோவின் நிலவைக் கண்ட ஜேம்ஸ் கிறிஸ்டி, மனைவி ஷார்லீனின் செல்லப்பெயரான "ஷார்" என்பதை வைத்து ஷாரன் என்று ஒரு பெயரை உருவாக்கினார். பிறகு அகராதியைப் பார்த்தால், இறந்தவர்களைப் படகில் ஏற்றிப் பாதாளத்துக்குக் கொண்டுபோகும் படகோட்டியின் பெயரும் அதே எழுத்துகளில் இருந்தது. புளூட்டோவுக்கு இதைவிடப் பொருத்தம் கிடைக்குமா? அந்தப் பெயரைப் பலர் கேரன் என்றும் கிறிஸ்டியின் வழி வந்தவர்கள் ஷாரன் என்றும் சொல்கிறார்கள். இரண்டும் வழக்கில் இருக்கிறது.

ஃபோபோஸின் மிகப்பெரிய பள்ளம் ஸ்டிக்னி. ஹாலின் மனைவி ஆஞ்சலீன் ஸ்டிக்னியின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் அது. தேடலைக் கைவிட இருந்த கணவரை மறுபடி தொலைநோக்கிக்கு அனுப்பியவர் அவர். அப்பல்லோ 8 பயணத்தில் ஜிம் லோவெல் நிலவில் ஒரு மலைக்கு மனைவி மேரிலின் பெயரைச் சொன்னார். அப்பல்லோ 11 இறங்கும்போது அது வழிகாட்டும் அடையாளமாகவே பயன்பட்டது. அதிகாரபூர்வ ஏற்பு 2017-இல்தான் வந்தது.

எல்லாமே கிரேக்க, ரோமானியப் பெயர்தானா? மத்தவங்களுக்கு இடமே இல்லையா?

முதல் 350 ஆண்டுகள் பெயர் வைத்தவர்கள் எல்லோரும் ஐரோப்பியர்கள் அல்லது அவர்கள் வழி வந்தவர்கள். பள்ளியில் லத்தீனும் கிரேக்கமும் படித்தவர்கள். தெரிந்த கதையைத்தான் வைத்தார்கள். பெயர் கேட்கும் மேசையில் யார் இருக்கிறாரோ அவர் கதை மேலே போகிறது. அந்த மேசை இப்போது அகலமாகியிருக்கிறது.

2000-க்குப் பிறகு சனியைச் சுற்றித் தொலைவில் திரியும் சிறு நிலவுகள் கூட்டமாகக் கிடைத்தன. அவற்றைப் பாதையின் சாய்வைப் பார்த்து மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு வடதுருவ இனூயிட் மக்களின் கதைகள்: பாலியாக், சியார்னாக், கிவியூக். இன்னொன்றுக்குப் பண்டைய பிரான்ஸ் பகுதியில் வாழ்ந்த காலிக் மக்களின் கதைகள். எதிர்த்திசையில் சுற்றுபவற்றுக்கு நார்டிக் அரக்கர்கள். நெப்டியூனுக்கு அப்பால் உள்ள உலகங்களில் ஹவாய் மக்களின் ஹௌமியா, ஈஸ்டர் தீவின் மகேமகே, கலிஃபோர்னியப் பழங்குடியினரின் குவாவார், சீனக் கதையின் கோங்கோங் எல்லாம் இருக்கின்றன. நம் வருணனும் அங்கே இருக்கிறார்.

வியாழனுக்கு ஹிமாலியான்னு ஒரு நிலா இருக்காமே. இமயமலைப் பெயரா?

இல்லை. ரோட்ஸ் தீவைச் சேர்ந்த ஒரு கிரேக்கத் தேவதை ஹிமாலியா. சூஸின் துணைவிகளில் ஒருவர். 1904-இல் கண்ட நிலவு, பெயர் 1975-இல்தான் ஏற்கப்பட்டது. ஒலி ஒற்றுமை தற்செயல்.

அந்தப் பெயரில் ஒரு நுட்பம் இருக்கிறது. வியாழனின் தொலைதூர நிலவுகளில், கோள் சுழலும் திசையிலேயே சுற்றுபவற்றின் பெயர் ஆங்கில எழுத்தில் "ஏ"-யில் முடியும்: ஹிமாலியா, எலாரா. எதிர்த்திசையில் போனால் "ஈ"-யில் முடியும்: கார்மீ, பாசிஃபயீ. நேர்த்திசைதான், ஆனால் சாய்வு மிக அதிகம் என்றால் "ஓ": கார்ப்போ, வலெட்டூடோ. பெயரைப் படித்தாலே எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று சொல்லிவிடலாம். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தால் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு விளையாடுகிறார்கள்.

புது நிலவுகளுக்கு ஏன் வண்டி நம்பர் மாதிரி ஏதோ எழுதறாங்க?

எஸ்/2003 ஜே 2 என்றால், துணைக்கோள், 2003-ஆம் ஆண்டின் படங்களில் கண்டது, வியாழனுடையது, அந்த ஆண்டு வரிசையில் இரண்டாவது. இது தற்காலிகக் குறி. பாதையைச் சரியாகக் கணக்கிட்டு, மறுபடியும் கண்டுபிடிக்க முடியும் என்று உறுதியான பிறகே நிலையான எண்ணும் பெயரும் வரும். 2025 மார்ச்சில் சனிக்கு ஒரே மூச்சில் 128 புது நிலவுகள் அறிவிக்கப்பட்டு மொத்தம் 274 ஆனது. அவற்றில் பலவற்றுக்கு இன்னும் குறி மட்டும்தான்.

நிலாவில் இருக்கிற பள்ளங்களுக்கு விஞ்ஞானிகள் பெயர், கடலுக்கு மழை, புயல்னு பெயர். இது யார் யோசனை?

இத்தாலியின் பொலோன்யாவில் இருந்த இயேசு சபைத் துறவி ரிச்சியோலி. 1651-இல் அவர் வெளியிட்ட நூலில், சக துறவி கிரிமால்டி வரைந்த நிலவு வரைபடத்தில் இந்தப் பெயர்கள் வந்தன. அவருக்கு முன் லாங்கிரேனஸ் என்பவர் அரச குடும்பத்தார் பெயர்களை நிரப்பிப் பார்த்தார். ஹெவேலியஸ் பூமியின் மலைகளையும் கடல்களையும் எடுத்து வைத்தார். ஹெவேலியஸிடமிருந்து ஆல்ப்ஸ், அப்பெனைன் போன்ற சில மலைப் பெயர்கள் மட்டும் பிழைத்தன.

நிலவின் நிலை பூமியின் வானிலையை மாற்றும் என்று அன்று பலர் நம்பினார்கள். அதனால் இருண்ட சமவெளிகளுக்கு அமைதிக் கடல், மழைக் கடல், மேகக் கடல், புயல் பெருங்கடல் என்று பெயர். பள்ளங்களுக்கு வானியலாளர்களும் தத்துவ அறிஞர்களும். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கருத்தைத் திருச்சபை தடை செய்திருந்த காலம் அது. ரிச்சியோலியும் எழுத்தில் அதை மறுத்தவர். ஆனால் அந்தக் கருத்தை முன்வைத்த கோப்பர்நிக்கஸுக்கு அவர் கொடுத்தது நிலவின் மிக அழகான, மிகப் பிரகாசமான பள்ளங்களில் ஒன்று. கெப்ளரையும் அதே பகுதியில் வைத்தார். கோப்பர்நிக்கஸைப் புயல் பெருங்கடலில் தூக்கி எறிந்ததாக அவரே எழுதினார். தண்டனை மாதிரி சொல்லிவிட்டுப் பெருமை செய்தார் என்றுதான் நான் படிக்கிறேன்.

மத்த கோள்களுக்கும் இப்படி ஏதாவது கணக்கு உண்டா?

உண்டு. ஒரு வீட்டில் மூத்த பிள்ளைக்கு முருகன் பெயர் வைத்தால் அடுத்தடுத்த பிள்ளைகளுக்கும் முருகனின் மற்றப் பெயர்களையே தேடுவதுபோல, ஒவ்வொரு உலகத்துக்கும் ஒரு கருப்பொருள் இருக்கிறது. புதன்: மறைந்த எழுத்தாளர்கள், ஓவியர்கள், இசைக்கலைஞர்கள். வெள்ளி: பெண்கள் மட்டும், மனிதரும் தெய்வமும். விதிவிலக்கு மூன்றுதான், அவற்றில் மேக்ஸ்வெல் மலைத்தொடர் ஒரு ஆணின் பெயர், அந்த விதி வருவதற்கு முன்பே ரேடாரில் தெரிந்து பெயர் பெற்றுவிட்டது. செவ்வாய்: பெரிய பள்ளங்களுக்கு அறிவியலாளர்கள், சிறியவற்றுக்குப் பூமியின் சிற்றூர்கள்.

நிலவுகளிலும் அப்படியே. எரிமலைகள் கொதிக்கும் அயோவில் நெருப்பு, சூரியன், இடி ஆகியவற்றின் தெய்வங்கள். நம் சூரியனும் அங்கே ஒரு எரிமலைவாய்க்குப் பெயராக இருக்கிறார். நீராவி பீய்ச்சும் என்செலாடஸுக்கு ஆயிரத்தொரு இரவுகள் கதைகள்: அலாவுதீன், அலிபாபா இருவரும் பள்ளங்கள், பாக்தாதும் டமாஸ்கஸும் நீர் பீய்ச்சும் பிளவுகள். டைட்டனின் மீத்தேன் கடல்களுக்குக் கடல் பூதங்கள்.

நம்ம ஊர் சம்பந்தப்பட்ட பெயர் ஏதாவது இருக்கா?

இந்தக் கேள்விக்காகவே காத்திருப்பேன். புதனில் சுமார் 100 கி.மீ. அகலமுள்ள ஒரு பள்ளம் தியாகராஜர். திருவாரூரில் பிறந்து திருவையாற்றில் வாழ்ந்த அதே தியாகராஜர்தான். அதே கோளில் வால்மீகி, வியாசர், காளிதாசர், தான்சேன், சூர்தாஸ் இருக்கிறார்கள். அங்கே ஒரு சமவெளிக்கே புதன் என்று பொருள்படும் "புத்" என்ற பெயர். செவ்வாயில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு மங்களா. பல மொழிகளில் செவ்வாய்க்கு உள்ள பெயர்களை அங்குள்ள பெரிய பள்ளத்தாக்குகளுக்கு வைத்தார்கள், அதில் சமஸ்கிருதத்தின் பங்கு அது. வெள்ளியில் மேக்ஸ்வெல் மலைத்தொடருக்குப் பக்கத்திலேயே லட்சுமி பீடபூமி. மருத்துவம் படித்த முதல் இந்தியப் பெண்களில் ஒருவரான ஆனந்திபாய் ஜோஷியும் வெள்ளியில் ஒரு பள்ளம். நம் நிலவில் திருச்சியில் பிறந்த சி.வி. ராமனும், ஆரியபட்டர், ஜெகதீச சந்திர போஸ், ஹோமி பாபா, விக்ரம் சாராபாய் ஆகியோரும்.

என் மனதுக்கு மிக நெருக்கமானது சீரஸ் என்ற குறுங்கோள். அந்தப் பெயர் ரோமானியரின் விளைச்சல் தெய்வத்துடையது. அதனால் அங்குள்ள பள்ளங்களுக்கு உலகெங்கும் உள்ள வேளாண் தெய்வங்கள், மற்ற அமைப்புகளுக்கு வேளாண் திருவிழாக்கள். 2015-இல் டான் விண்கலம் போய்ச் சேர்ந்த பிறகு வைக்கப்பட்ட பெயர்களில், வரிசையாக அமைந்த ஒரு குழித்தொடருக்குப் பொங்கல் என்று பெயர். ஆம், நம் தைப்பொங்கல்தான். சீரஸின் பெயர்பெற்ற தனிமலையான அகுனா, நாகாலாந்தின் சுமி நாகர்களுடைய அறுவடை விழா.

புளூட்டோவில் டென்சிங் மலைத்தொடர் சுமார் 6 கி.மீ. உயரம், பக்கத்தில் ஹிலாரி. ஷாரனில் ரேவதி என்ற பள்ளம் உண்டு: தந்தையோடு பிரம்மலோகம் போய்த் திரும்புவதற்குள் பூமியில் யுகங்கள் கடந்துபோய்விட்ட ரேவதி, பிறகு பலராமனை மணந்தவள். அதே ஷாரனில் கிளார்க் மலைகள், இலங்கையில் அரை நூற்றாண்டு வாழ்ந்த அறிவியல் புனைகதையாளர் ஆர்தர் கிளார்க்கின் நினைவாக.

சிறுகோள்களில் 4130 ராமானுஜன். ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வானாய்வகத்தில் ராஜமோகன் தலைமையில் நடந்த தேடலில் 1988-இல் கிடைத்தது. கண்டதும் நம் மண்ணில், பெயரும் நம்முடையது.

சந்திரயான் இறங்கின இடத்துக்கு சிவசக்தின்னு பெயர் வெச்சாங்களே, அது செல்லுமா?

செல்லும். 2023 ஆகஸ்டில் இந்தியா அறிவித்தது. 2024 மார்ச்சில் ஒன்றியம் ஏற்றுக்கொண்டது. மதச் சார்புள்ள பெயர்களுக்குத் தடை இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். இன்று வழிபடப்படும் தெய்வங்களும் புராணப் பெயர்கள் என்ற வகையில் லட்சுமி, சூரியன் போல ஏற்கப்பட்டுத்தான் வந்திருக்கின்றன. பட்டியலில் சிவசக்திக்குக் கொடுத்திருக்கும் விளக்கமும் இந்தியப் புராணத்திலிருந்து வந்த கூட்டுச்சொல், இயற்கையின் ஆண்மை பெண்மை என்ற இரட்டையைக் குறிப்பது என்பதுதான். ஒரு நாடு அறிவித்துவிட்டால் மட்டும் போதாது, பட்டியலில் ஏற வேண்டும் என்பதற்கும் இது உதாரணம்.

உயிரோட இருக்கிறவங்க பெயரை வைக்கலாமா?

பள்ளம், மலைகளுக்குப் பொதுவாகக் கூடாது. இறந்து குறைந்தது 3 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். புதனில் இன்னும் கடுமை, கலைஞர் 50 ஆண்டுகளுக்கு மேலாகப் புகழ் பெற்றவராக இருக்க வேண்டும். அப்பல்லோ 11 வீரர்கள் ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூவருக்கும் விலக்கு அளித்தார்கள்.

சிறுகோள்களுக்கு வேறு விதி. கண்டவருக்குப் பெயர் முன்மொழியும் உரிமை 10 ஆண்டுகள் இருக்கும்; உயிரோடு இருப்பவர் பெயரும் வைக்கலாம், 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும். அரசியல்வாதிகள், படைத்தலைவர்கள் என்றால் இறந்து 100 ஆண்டுகள் ஆக வேண்டும். செல்லப் பிராணிகளின் பெயர் வேண்டாம் என்கிறார்கள். 4538 விஷியானந்த் நம் சென்னையின் சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்தின் பெயர். வால்மீன்களுக்கோ கண்டவர் பெயரே வந்துவிடும்: 1949-இல் கண்ட பாப்பு-போக்-நியூகிர்க் வால்மீனின் பாப்பு, சென்னையில் பிறந்த வைணு பாப்பு.

வெச்ச பெயரை மாத்த முடியுமா?

அரிதாக. நிலவில் இரண்டு பள்ளங்களுக்கு நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர்கள் லெனார்ட், ஸ்டார்க் பெயர்கள் இருந்தன. இருவரும் நாஜிகளைத் தீவிரமாக ஆதரித்து, யூத அறிவியலாளர்களை விரட்டியவர்கள். 2020-இல் ஒன்றியம் அந்தப் பெயர்களை நீக்கியது. சரியான முடிவு, இன்னும் முன்பே நடந்திருக்க வேண்டும். 2019 புத்தாண்டு அன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் கடந்துபோன சிறு உலகத்துக்கு முதலில் வைத்த புனைபெயர் அல்டிமா தூலி. அந்தச் சொல்லை நாஜிகளோடு தொடர்புள்ள இயக்கம் பயன்படுத்தியிருந்தது என்ற எதிர்ப்பு வந்தது. அமெரிக்கப் பழங்குடியினரின் பௌஹாட்டன் மொழியில் வானம் என்று பொருள்படும் அரோகோத் என்ற அதிகாரபூர்வப் பெயர், அந்தப் பழங்குடியினரின் சம்மதத்தோடு வைக்கப்பட்டது.

மக்கள் ஓட்டுப் போட்டா அந்தப் பெயரையே வைப்பாங்களா?

கட்டாயமில்லை. புளூட்டோவின் இரு சிறு நிலவுகளுக்கு 2013-இல் இணையத்தில் வாக்கெடுப்பு நடந்தது. முதலிடம் பிடித்தது வல்கன், ஒரு தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்களால். பாதாள உலகக் கதைக்கு அது பொருந்தவில்லை. புதனுக்கு உள்ளே இருப்பதாக 19-ஆம் நூற்றாண்டில் நம்பிய ஒரு கோளுக்கும் அந்தப் பெயரே இருந்தது. ஒன்றியம் மறுத்துவிட்டு, அடுத்த இடங்களில் இருந்த கெர்பரோஸ், ஸ்டிக்ஸ் இரண்டையும் எடுத்தது.

பணம் கட்டினா நட்சத்திரத்துக்கோ பள்ளத்துக்கோ நம்ம பிள்ளை பெயரை வைக்கலாம்னு விளம்பரம் வருதே?

பணம் கட்டாதீர்கள். அச்சிட்ட சான்றிதழ் வரும், அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஒன்றியம் பெயரை விற்பதில்லை, யாருக்கும் விற்க அனுமதி கொடுத்ததும் இல்லை. முதல் கேள்வியில் சொன்ன பட்டியலில் அந்தப் பெயர் ஒருபோதும் ஏறாது. இறந்துபோன குழந்தையின் நினைவாகக்கூட இப்படிப் பணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் உண்மையைச் சொல்வது மிகவும் கஷ்டம். அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

செவ்வாயில் ஒரு பள்ளத்துக்கு எங்க ஊர்ப் பெயரை வைக்க நான் என்ன செய்யணும்?

செவ்வாயின் சிறு பள்ளங்களுக்கு ஏறத்தாழ ஒரு லட்சத்துக்கும் குறைந்த மக்கள்தொகை உள்ள ஊர்ப் பெயர்கள் வரும். 2024-இல் உத்தரப்பிரதேசத்தின் முர்சானும் பீகாரின் ஹில்சாவும் இப்படித்தான் ஏறின, அறிவியலாளர் தேவேந்திர லாலின் பெயரோடு. ஆனால் ஊரைக் கௌரவிப்பதற்காக அல்ல, பெயர் வேண்டியிருப்பதால் எடுத்துக்கொள்கிறோம் என்று ஒன்றியம் தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

எனவே "எங்கள் ஊர் பழமையானது" என்று எழுதி அனுப்பினால் எடுபடாது. ஒரு குறிப்பிட்ட பள்ளத்தை யாராவது ஆராய்ந்திருக்க வேண்டும், கட்டுரையில் அதைக் குறிப்பிடப் பெயர் தேவைப்பட வேண்டும். முர்சான், ஹில்சா, லால் மூன்றையும் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தினர் கண்டு ஆராய்ந்திருந்தார்கள். முன்மொழியும் படிவம் அதே பட்டியலின் இணையதளத்தில் இருக்கிறது. பள்ளத்தின் இடம், படம், பெயர் ஏன் தேவை, பெயரின் மூலம் என்ன, அதற்கான ஆதாரம் ஆகியவற்றைக் கேட்பார்கள். கல்லூரியில் புவியியல் அல்லது இயற்பியல் படிக்கும் பிள்ளைகள் செவ்வாய்ப் படங்களை இலவசமாகவே எடுத்து ஆராயலாம். பேராசிரியர் ஒருவரோடு சேர்ந்து ஒரு சிறு பகுதியைப் பிடித்துக்கொண்டு தொடங்குங்கள். பெயரை யோசிக்கும் முன், அந்த உலகத்தின் கருப்பொருள் என்ன, அதே பெயர் ஏற்கெனவே எங்காவது இருக்கிறதா என்று பட்டியலில் பார்த்துவிடுங்கள்.